மின்னழுத்தத்தில் பிறந்த இசை

தலைமை வகிக்கும் நூலகர் அம்மா அவர்களே, நகராட்சி உறுப்பினர் ஐயா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். உறுப்பினர் ஐயா இன்னொரு விழாவுக்குப் போக வேண்டியவர். எனக்காக இருக்கிறார், அவருக்குத் தனி நன்றி.

மாடுலர் சிந்தசைசர், அதாவது தனித்தனிப் பெட்டிகளை வயரால் இணைத்து மின்சாரத்தால் இசை எழுப்பும் கருவி. அதை யார் செய்தார்கள், எப்படி இயங்கியது, இசையை எப்படி மாற்றியது என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். நியூயார்க்கில் ராபர்ட் மூக் என்ற பையன், வீட்டுப் பட்டறையில் அப்பாவோடு உட்கார்ந்து சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கி வயர்களை ஒட்டும் வேலை, பழகினான். 14 வயதில், பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து, தொடாமலே வாசிக்கும் தெரமின் கருவியைச் செய்துவிட்டான். அவரே 1964-இல், ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து சிந்தசைசரை உருவாக்கினார். ஒலியை எழுப்ப ஒரு பெட்டி, வடிகட்ட ஒன்று, கூட்டிக் குறைக்க ஒன்று. வேண்டியபடி வயரால் இணைத்துக்கொள்ளலாம். மின்னழுத்தத்தை ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் புக்லா, பியானோக் கட்டைகளே வேண்டாம் என்று தொடுதகடுகள் வைத்து இன்னொன்று செய்தார். அது தனிக் கதை.

அமெரிக்க இசைக் கலைஞர் வெண்டி கார்லோஸ் கதையைக் கேளுங்கள். ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையை இந்த மூக் கருவியில் வாசிக்க நினைத்தார். கருவியிலோ ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். பாக்கின் இசையில் ஒரே சமயத்தில் பல குரல்கள் ஓடும். என்ன செய்தார்? தன் கையாலேயே எட்டுத் தட ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டினார். ஒவ்வொரு குரலையும் தனியாகப் பதிந்தார். கொஞ்சம் வாசிப்பதற்குள் சுருதி விலகும். நிறுத்துவார், சுருதி சேர்ப்பார், மறுபடி வாசிப்பார். அடுத்த குரலுக்கும் அதே பாடு. இப்படியே முழு இசைத்தட்டு! 1968-இல் வெளிவந்தது, பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது, மூன்று கிராமி விருதுகள் பெற்றது. சித்திரமும் கைப்பழக்கம்!

நம் நாட்டுக்கும் 1969-இலேயே மூக் சிந்தசைசர் வந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்கர் டேவிட் டியூடர் அதை அமைத்தார். இசைக் கலைஞர் கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் இசை செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்த முயற்சி அடங்கியது, ஒலிநாடாக்கள் காப்பகத்துக்குள் கிடந்தன. ஊர் ஊராகப் பிள்ளைகளின் கையில் அந்த வித்தை சேர்ந்திருந்தால் அடங்கியிருக்குமா?

அதனால்தான் கேட்கிறேன், உறுப்பினர் ஐயா. இந்த நூலகத்தின் பின்னறை பூட்டிக் கிடக்கிறது. அங்கே ஒரு மேசை, நான்கு சால்டரிங் அயர்ன், நல்ல வெளிச்சம் போதும். சனி, ஞாயிறு பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்றால் பழகக் கைக்கு இடம் வேண்டாமா?

மூன்றாவது செய்திக்கு நேரம் போதவில்லை. மனு வாசலில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர் இருந்தால் கொடுங்கள். ஓடாததாக இருந்தாலும் சரி, பிரித்துப் பார்க்க உதவும். நன்றி, வணக்கம்.