“அவருக்கு எதுவும் தெரியக்கூடாது”: நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கிச் சொல்கிறேன். கணவருக்கு 63 வயது. கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். “அப்பாவுக்கு எதுவும் தெரியக்கூடாது, அல்சர் என்றே சொல்லுங்கள்” என்பது பிள்ளைகளின் உத்தரவு. “அவர் முன்னால் சிரித்துப் பேசிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் அழுகிறேன். ராத்திரியெல்லாம் முனகுகிறார். மிச்சமிருக்கிற நாளில் நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருக்க வழி இருக்கிறதா ஐயா?” என்று முடித்திருக்கிறார்.

இருக்கிறதம்மா. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த முனகலிலிருந்து தொடங்குகிறேன்.

வலி தின்றுகொண்டிருக்கிறவரிடம் நிம்மதியைப் பற்றிப் பேசவே முடியாது. கணையத்து வலி மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகைத் துளைக்கும். மல்லாந்து படுத்தால் அதிகமாகும், உட்கார்ந்து முன்னால் குனிந்தால் கொஞ்சம் அடங்கும். அவர் நடுராத்திரியில் எழுந்து தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறாரா? அப்படியானால் அதைத் தூக்கமின்மை என்று நினைத்துவிடாதீர்கள். வலிதான் அது. இதற்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. சாதாரண மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்பது, வெள்ளம் வந்த பிறகு கரை கட்டுகிற கதை. “அடிமையாகிவிடுவாரே” என்று பயப்படுவார்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டாம். மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேளுங்கள். மாத்திரைக்கும் அடங்காவிட்டால், வயிற்றுக்குப் பின்னால் உள்ள நரம்புப் பின்னலில் ஊசி போட்டு வலியைத் தடுக்கிற முறையும் உண்டு.

1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் ரொம்ப காலம் ஆஸ்பத்திரிகளுக்கே எட்டாமல் இருந்தது. 2014-இல் அதைத் தளர்த்தித் திருத்தம் கொண்டுவந்தார்கள். வேலூரில் இருக்கிற உங்களுக்கு இது பெரிய அலைச்சல் இல்லை. சிஎம்சி ஆஸ்பத்திரியில் இப்படி வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்வதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021-இலிருந்து, வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சரி, அந்த ரகசியத்துக்கு வருவோம்.

அவருக்குத் தெரியும் அம்மா. பத்து கிலோ இறங்கி, கண் மஞ்சளாகி, ஆறு வருஷமாக எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். அல்சருக்கு யார் அப்படி வருவார்கள்?

குடியாத்தத்தில் ஒரு தம்பதியைப் பார்க்கப் போவேன். அவர் லுங்கி நெய்தவர், அந்த அம்மா பீடி சுற்றுவார். நான் முதல் நாள் போனபோது வாசலிலேயே நிறுத்தி, “அவருக்குத் தெரியாது சார், சொல்லிடாதீங்க” என்றார். உள்ளே போய் அவரிடம், “உடம்பு எப்படி இருக்கிறதாக உங்களுக்குத் தோணுது?” என்று மட்டும் கேட்டேன். கதவுப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “எனக்கு எல்லாம் தெரியும் சார். அவளுக்குச் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டா.” பத்தடி வீடு அது! இரண்டு பேரும் ஒரே மூட்டையை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சுமந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு பேரிடமும் அனுமதி கேட்டேன். அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரச் சொன்னேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கணவர்தான் கேட்டார்: “இன்னா, தெரிஞ்சும் சொல்லாமலா இருந்த?” அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு அவர்கள் பேசியது ஆன்மா, மறுபிறவி எதுவும் இல்லை. சின்னப் பெண்ணின் செயினை அவர் அடகு வைத்திருக்கிறார், சீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கிறது, வட்டி கட்டவில்லை. அந்த அம்மா அரை மணி நேரம் அவரைப் பிடித்துத் திட்டினார், சாகக் கிடக்கிற மனுஷனை! அன்றைக்கு ராத்திரி அவர் இரண்டு இட்லி சாப்பிட்டாராம். என்னைக் கேட்டால், அந்த வீட்டில் நிம்மதி வந்தது அந்தத் திட்டில்தான்.

அதற்கப்புறம் அவருக்கு ஒரே ஆசை இருந்தது. வைகாசி முதல் தேதி கங்கையம்மன் சிரசு, அதாவது அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவருகிற திருவிழா, பார்க்க வேண்டும். அன்றைக்கு மாத்திரை நேரத்தைக் கொஞ்சம் மாற்றி, வெளியே தூக்கி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்கச் சொன்னேன். வாசலில் நாற்காலி போட்டு, இரண்டு பக்கமும் தலையணை வைத்து உட்கார வைத்தார்கள். தெருவெல்லாம் தேங்காய் உடைகிறது. அம்மன் சிரசு கடந்து போனதும் “போதும்” என்று உள்ளே போனார்.

எல்லோரும் இப்படிப் பேசிவிட மாட்டார்கள். தெரிந்துகொள்ளவே விரும்பாதவர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. அதனால் நீங்களாகப் போட்டு உடைக்க வேண்டாம். “உங்களுக்கு என்ன தோணுதுங்க?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு மகன் கெஞ்சினார் என்பதற்காகக் கடைசிவரை மறைத்தேன். காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டு அம்மா என்னிடம் சொன்னது: “அவர் என்கிட்ட கடைசியா கேட்டது மாத்திரை எத்தனை மணிக்குன்னுதான் சார்.” இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்.

சாப்பாடு விஷயத்தில் சண்டை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வாரங்களில் உடம்பு சாப்பாடு கேட்காது. சாப்பிடாததால் நோய் முற்றுவதில்லை, நோய் முற்றியதால் பசி போகிறது. கஞ்சியைத் திணித்தால் புரையேறும். ஈரப் பஞ்சால் உதட்டை நனையுங்கள், கேட்டால் இளநீர் ஒரு ஸ்பூன்.

ஐசியு, வென்டிலேட்டர் வேண்டாம் என்று அவர் சொன்னால், தெளிவாக இருக்கும்போதே எழுதி வாங்கிவிடலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. 2023-இல் நடைமுறையைச் சுலபமாக்கினார்கள்: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்து போதும்.

“எந்த ஜென்மத்துப் பாவமோ” என்று யாராவது உங்கள் காதுபடச் சொல்வார்கள். திருவண்ணாமலையில், 1950-இல், ரமண மகரிஷி இடது கையில் வந்த புற்றுக்கட்டியால்தான் உடலை விட்டார். அவர் என்ன பாவம் செய்தார் என்று திருப்பிக் கேளுங்கள்.

பிள்ளைகளிடம் சண்டை போட வேண்டாம். அவர்களும் பயந்துபோய்த்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருக்கும்போது இந்த வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள், அவர் தூங்கின பிறகு. தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு அவரும் கேட்டால் கேட்கட்டும்.