படம் எடுப்பது யார்? ஷாஹிதுல் ஆலமை முன்வைத்து ஓர் உரை

அவையோருக்கு வணக்கம்.

வங்கதேசம் என்றதும் நம் கண்முன் எந்தப் படம் வருகிறது? வெள்ளம், பசி, கையேந்தும் குழந்தை. அவை பொய்ப் படங்கள் அல்ல. ஆனால் அவற்றில் பலவற்றை எடுத்தவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து, சில நாள் தங்கிப் போனவர்கள். அந்த மண்ணின் மக்களே தங்கள் வாழ்க்கையைப் படமெடுக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடி, அதற்கான அமைப்புகளையும் கட்டி எழுப்பியவர் டாக்காவின் புகைப்படக் கலைஞர் ஷாஹிதுல் ஆலம்.

அவர் படித்தது வேதியியல். லண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். நண்பருக்காக வாங்கிய கேமராவுக்கு நண்பரால் பணம் தர முடியாமல் போக, அது இவரிடமே தங்கிவிட்டது. 1984இல் நாடு திரும்பி, எர்ஷாத்தின் ராணுவ ஆட்சியை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கியதைப் படமெடுத்தார். 1989இல் த்ரிக் என்ற புகைப்பட நிறுவனம், 1998இல் பாட்சாலா என்ற புகைப்படப் பள்ளி, 2000இல் சோபி மேளா என்ற சர்வதேசப் புகைப்பட விழா. ஒருவர் தன் படங்களால் புகழ் பெறுவது பெரிதுதான். பிறர் படமெடுக்கப் பள்ளியும், அதைக் காட்டச் சுவரும் அமைத்துக் கொடுப்பதை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தச் சுவருக்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். நாம் என்கவுன்டர் என்று சொல்வதை அங்கே கிராஸ்ஃபயர் என்பார்கள். அதிரடிப் படையினரின் பிடியில் ஒருவர் இறந்துபோவார். துப்பாக்கிச் சண்டையில் சிக்கினார் என்று அறிக்கை வரும். கொலை நடந்த நேரத்தில் அங்கே கேமரா இருந்திருக்காது. பின் எப்படிப் படமெடுப்பது? ஆலம் ஒவ்வொரு சம்பவத்தையும் விசாரித்து, அதை நினைவூட்டும் இடங்களையும் பொருள்களையும் எடுத்தார். இரவில் ஒரு நெல்வயல். உடல் துவட்டும் ஒரு துண்டு. பிணம் இல்லை, ரத்தம் இல்லை. அதற்கே அரசு அஞ்சியது. அந்தப் படங்களின் கண்காட்சி தொடங்கவிருந்த 2010 மார்ச் 22 அன்று த்ரிக் கூடத்தின் வாசலைக் காவல்துறை அடைத்தது. கண்காட்சியைத் திறக்கக் கொல்கத்தாவிலிருந்து வந்திருந்த எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி தெருவிலேயே நின்று அதைத் திறந்துவைத்தார்.

சிட்டகாங் மலைப்பகுதியில் 1996 ஜூனில் கடத்தப்பட்டு, இன்றுவரை திரும்பாத, மலைவாழ் மக்களின் உரிமைக்காகப் போராடிய கல்பனா சக்மாவுக்காக அவர் செய்ததும் இத்தகையதே. கல்பனாவுக்குக் கட்டில் கிடையாது, பாயில்தான் படுப்பார். எனவே அவருக்காகப் போராடியவர்களின் முகங்களைக் கோரைப் பாய்களின் மீது லேசரால் சுட்டுப் பதித்தார். மலைமக்களின் வீடுகளைக் கொளுத்திய நெருப்பும் அதில் பேசுகிறது.

2018இல் மாணவர் போராட்டம் பற்றித் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்ததற்காகக் கைதானார். தன்னை அடித்ததாக நீதிமன்றத்தில் சொன்னார். 107 நாள் கழித்தே ஜாமீனில் வெளியே வந்தார்.

இத்தனைக்கும் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: தஸ்லிமா அக்தர். பாட்சாலாவில் படித்தவர், ஆடைத் தொழிலாளர்களுக்காகப் பாடுபடுபவர். 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடம் சரிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இடிபாடுகளுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் தழுவியபடி இறந்துகிடந்ததைப் படமெடுத்தவர் அவர்தான். மலிவான சட்டைகளை வாங்கி உடுத்திய நாடுகளின் பத்திரிகைகள் அந்தப் படத்தை வெளியிட்டன. அதை எடுக்க எந்த வெளிநாட்டுக்காரரும் விமானம் ஏறி வர வேண்டியிருக்கவில்லை.