சூரைச்செடியின் கீழே

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரரே, சகோதரிகளே,

மனநலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, நான் முதலில் திறந்தது 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை. கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ணாரக் கண்டவர் எலியா தீர்க்கதரிசி. மழைக்காக ஜெபித்தார், மழையும் வந்தது. அடுத்த அதிகாரத்திலேயே அதே மனிதர் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்கிறார்.

நம் சபைகளில் இப்படி ஒருவர் சொன்னால் என்ன நடக்கும்? “உங்களுக்கு விசுவாசம் போதாது” என்போம். “ஏதோ மறைவான பாவம் இருக்கிறது” என்போம். மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்வோம், அவர் ஏற்கெனவே சாப்பிடாமல்தான் இருக்கிறார் என்பதைக் கவனிக்காமலே!

தேவன் என்ன செய்தார்? தூங்கவிட்டார். பிறகு தூதன் வந்து தட்டியெழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்காகவும் யாரும் கடிந்துகொள்ளவில்லை. தூதன் இரண்டாம் முறை வந்து எழுப்பினான். அப்போதும் உணவுதான், “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்று ஒரே ஒரு வரி மட்டும் கூடுதல். “இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வி வருவது, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. அங்கேயும் அவர் தம் புலம்பலை ஒரே வார்த்தைகளில் இரண்டு முறை சொல்கிறார். “இதைத்தான் முன்னமே சொன்னாயே” என்று கர்த்தர் இடைமறிக்கவில்லை.

நாமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் வசனம், பிறகு புத்திமதி. சாப்பாடும் தூக்கமும் நினைவுக்கு வருவதே இல்லை.

வசனம் என்றதும் பிலிப்பியர் 4:6-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. “நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்” என்ற வார்த்தை எத்தனை பேருக்கு ஆறுதல் தந்திருக்கிறது! அதையே எடுத்து அடிபட்டவர்களை மேலும் அடிக்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் இரண்டு அதிகாரம் முன்னால் புரட்டட்டும். தன் உடன் ஊழியனான எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்ததைச் சொல்லிவிட்டு, தன் துக்கம் குறையும்படிக்கு அவனைச் சீக்கிரமாய் அனுப்புவதாகப் பவுல் எழுதுகிறார். கவலைப்படாதீர்கள் என்று எழுதிய அதே கடிதத்தில், அதே கையால்!

சார்லஸ் ஸ்பர்ஜனை உங்களில் பலருக்குத் தெரியும். 1856 அக்டோபரில் லண்டனில் ஒரு பெரிய மண்டபத்தில் அவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, யாரோ “தீ” என்று பொய்யாகக் கத்தினார்கள். நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது வயது 22. அதன் பிறகு கடுமையான மனச்சோர்வு அவரை மீண்டும் மீண்டும் பிடித்தது. அவர் அதை மறைக்கவில்லை; ஊழியர்களாகப் பயிற்சி பெறும் மாணவர்களிடமே வெளிப்படையாகப் பேசினார். அவருடைய விசுவாசத்தை அளந்து பார்க்க நம்மில் யாரிடம் கோல் இருக்கிறது?

மனச்சோர்வு என்பது ஒரு நாள் அழுகை அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் மனம் கனத்திருந்தால், பிடித்த காரியங்களிலும் ருசி போய்விட்டால், தூக்கமும் பசியும் தாறுமாறானால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டாலும் இப்படி ஆகும். பிரசவத்துக்குப் பின் ஆகும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய ஒன்றுக்குப் பிசாசை விரட்டிக்கொண்டிருப்பது பிசாசுக்கே வேடிக்கையாக இருக்கும். மருத்துவர் மாத்திரை கொடுத்தால், அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். “ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம்” என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். போதகர் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பவுலோடு பயணம் செய்த லூக்கா “பிரியமான வைத்தியன்” என்றே அழைக்கப்பட்டார். வைத்தியத்தை விட்டுவிடு என்று பவுல் அவரிடம் சொன்னதாக எங்கும் இல்லை.

ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், “சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், கூடவே இருந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். “தற்கொலை பாவம்” என்ற பிரசங்கத்துக்கான நேரம் அது அல்ல.

கூட இருப்பது எப்படி என்று தெரியாவிட்டால், எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்களைப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்தார்கள், கெட்டது. கெத்செமனேயில் இயேசுவும் சீஷர்களிடம் அறிவுரை கேட்கவில்லை. “நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்” என்று கேட்டார். அதற்கே ஆள் கிடைக்கவில்லை.

இங்கே ஊழியக்காரர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் அதிகமாகி, சாப்பிடக்கூட நேரமில்லாமல் போனபோது, சற்றே இளைப்பாறும்படி சீஷர்களைத் தனியிடத்துக்கு அழைத்தவர் இயேசு. மாற்கு 6:31. வாரம் ஏழு நாளும் கூட்டம் வைப்பதைப் பெருமையாகச் சொல்கிற நாம் அந்த வசனத்தை மட்டும் ஏனோ மனப்பாடம் செய்வதில்லை.

இன்னொன்று. 88-ஆம் சங்கீதத்தை இன்றிரவு வாசியுங்கள். அது துதியில் முடியாது, இருளில் முடியும். அப்படியே அதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள். கடைசி வரியில் அல்லேலூயா சேர்க்க முடியாத ஜெபமும் ஜெபந்தான்.

கூட்டம் முடிந்ததும் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பேச வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் வரலாம். பேசாமல் உட்கார்ந்திருக்க நினைத்தாலும் வரலாம். தேநீர் இருக்கிறது.