குறுக்குக் காற்றில் பறக்க மறுத்தது தன்னம்பிக்கைக் குறைவா?

வணக்கம். இந்த வாரம் விளக்கத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி, மேற்கு டெக்சஸில் தனியார் விமானி உரிமம் பெற்று எட்டு மாதங்களே ஆன ஒரு நேயர் அனுப்பியது. மொத்தம் 85 மணி நேரம் பறந்திருக்கிறார். ஓட்டுவது செஸ்னா 172 என்ற சிறிய ஒற்றை எஞ்சின் விமானம். சென்ற மாதம் ஒரு பிற்பகலில், ஓடுபாதை 17 மட்டுமே பயன்பாட்டில் இருந்த ஒரு சிறிய விமானத் தளத்தில், காற்று 220 டிகிரியிலிருந்து 18 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில், 27 நாட் வரை எகிறும் வீச்சுகளோடு அடித்திருக்கிறது. இவர் பறக்காமல் வீடு திரும்பிவிட்டார். அவருடைய நண்பரோ அதே வகை விமானத்தில் பறந்து பத்திரமாக இறங்கியும்விட்டார். "விமானக் கையேட்டில் குறுக்குக் காற்று, அதாவது ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும் காற்றின் பங்கு, 15 நாட் என்று இருக்கிறது, கணக்குப் போட்டால் 14 நாட்தான் வருகிறது. எனக்குத் தன்னம்பிக்கை போதவில்லையா, அல்லது என் முடிவு சரிதானா?" என்று கேட்கிறார்.

உங்கள் முடிவு சரி. ஆனால் நீங்கள் சொல்லும் கணக்கு பாதிதான் சரி என்பதால், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கணக்கு. ஓடுபாதை 17 என்றால் 170 டிகிரி திசை, ஆகவே ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையே 50 டிகிரி இருக்கிறது. 18 நாட்டுக்கு 14 வருவது உண்மைதான். ஆனால் 27 நாட் வீச்சுக்கு ஏறத்தாழ 21 வருகிறது. சக்கரம் தரையைத் தொடும் அந்த இரண்டு விநாடியில் உங்களுக்குக் கிடைக்கப்போவது 14-ஆ 21-ஆ என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே வீச்சை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மனக்கணக்குக்குக் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: 15 டிகிரி என்றால் காற்றின் கால் பங்கு, 30 என்றால் அரைப் பங்கு, 45 என்றால் முக்கால், 60-க்கு மேல் என்றால் முழுக் காற்றும் குறுக்காகவே அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, கையேட்டில் உள்ள அந்த 15. அது சோதனைப் பறப்பில் செய்துகாட்டப்பட்ட அளவு. விமானத்தின் வரம்பு அல்ல. சான்றளிப்பு விதி கேட்டது, தரையிறங்கும் நிலையில் விமானம் தூக்குவிசை இழக்கும் வேகத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள குறுக்குக் காற்றை, அசாதாரணத் திறமை தேவைப்படாமலே சமாளிக்க முடிய வேண்டும் என்பதைத்தான். இதை வைத்து "அப்படியானால் 20-லும் இறங்கலாம்" என்று வாதிடுபவர்கள் உண்டு. விமானத்தால் முடியலாம். நம்மால் முடியுமா என்பதற்கு அந்த எண்ணில் எந்தப் பதிலும் இல்லை.

இந்தச் சொல்லே குழப்பம் தரக்கூடியது என்பதற்கு 2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்க்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எம்மா என்ற புயலின்போது ஓர் ஏர்பஸ் ஏ320, ஓடுபாதை 23-ல் இறங்க வந்தது. காற்று 290 டிகிரியிலிருந்து 28 நாட், வீச்சு 47 நாட். நாம் இப்போது பார்த்த முறையிலேயே கணக்கிட்டால், வீச்சின்போது குறுக்குக் காற்று 40 நாட்டைத் தாண்டுகிறது. தொட்ட கணத்தில் விமானம் சாய்ந்து இடது இறக்கை நுனி தரையில் உரசியது. விமானிகள் உடனே மேலெழுந்து, பிறகு ஓடுபாதை 33-ல் பத்திரமாக இறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை. செய்துகாட்டப்பட்ட அதிகபட்சக் குறுக்குக் காற்று என்ற சொல்லை விமானிகள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதை ஜெர்மானிய விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டியது. பயணிகள் விமானம் ஓட்டுபவர்களுக்கே அந்த நிலை என்றால், 85 மணி நேர விமானி அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி தன்னம்பிக்கைக்கு வருகிறேன். குறுக்குக் காற்றில் நம் தன்னம்பிக்கை சீக்கிரம் துருப்பிடித்துவிடும். ஆனால் துருப்பிடித்தது நமக்கே தெரியாது. அமெரிக்க விதிப்படி பயணிகளை ஏற்றிச் செல்ல, கடந்த 90 நாட்களில் மூன்று முறை ஏறி இறங்கியிருந்தால் போதும். அந்த மூன்றும் இலைகூட அசையாத காலைகளில் நடந்திருந்தாலும் விதி நிறைவேறிவிடும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். உரிமம் பெற்ற மறு ஆண்டு, இதே போல் வலப்பக்கத்திலிருந்து காற்று அடித்த ஒரு நாளில் இறங்கினேன். வலது இறக்கையைத் தாழ்த்தி, இடது ரடரால் (வாலில் உள்ள, காலால் மிதித்து இயக்கும் சுக்கானால்) மூக்கை நேராக்கி, வலது சக்கரம் முதலில் தொட, பின்னர் இடது சக்கரம் தொட, எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. "முடிந்தது" என்று எண்ணி, கையில் பிடித்திருக்கும் யோக் என்ற திருப்புப் பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த வீச்சில் வலது இறக்கை எழும்பியது. விமானம் இடது சக்கரத்தின் மேல் சாய்ந்தபடி காற்றைப் பார்த்து மூக்கைத் திருப்பியது. யோக்கை வலப்பக்கம் கடைசிவரை திருப்பி, இடது ரடரை முழுக்க மிதித்தபோது, ஓடுபாதையின் ஓர விளக்கு ஒன்று வலது இறக்கைக்கு அடியில் கடந்து போனதைப் பார்த்தேன். யோக்கைத் திருப்பினால் அசையும், இறக்கை ஓரத்தில் உள்ள ஏலிரான் என்ற பலகைதான் விமானத்தைச் சாய்க்கிறது; வேகம் குறையக் குறைய அதன் பிடி குறையும். ஆகவே தரையைத் தொட்ட பிறகு யோக்கைக் காற்றின் பக்கம் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். பாடத்தில் படித்திருந்தேன், என் கை அதைப் படித்திருக்கவில்லை.

காற்று உங்களால் ஆகாத அளவுக்கு இருக்கிறதா என்பதை விமானமே உங்களுக்குச் சொல்லும். பரிசலில் ஆற்றைக் கடப்பவர், இறங்க வேண்டிய துறைக்கு நேராகத் துடுப்புப் போடாமல் நீரோட்டத்தை எதிர்த்துச் சற்று மேலே குறிவைப்பது போல, நாமும் இறங்கி வரும்போது மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வைத்து நேர்க்கோட்டில் வருகிறோம். அந்தக் கோணத்தைக் கடைசி நொடியில் நேராக்குவது அழகுதான். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் 300 அடி உயரத்திலேயே இறக்கையைத் தாழ்த்தி, எதிர் ரடர் கொடுத்து மூக்கை நேராக்கிப் பாருங்கள். ரடர் மிதி அடிவரை போய் முட்டிய பிறகும் மூக்கு நடுக்கோட்டுக்கு நேராக வரவில்லை, அல்லது விமானம் கோட்டை விட்டு நகர்கிறது என்றால், விடை கிடைத்துவிட்டது. எஞ்சின் திறனை முழுதாகக் கொடுத்து மேலெழுந்து, வேறு திசையில் ஓடுபாதை உள்ள விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள். அதற்கான எரிபொருளைப் புறப்படும்போதே கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

மேற்கு டெக்சஸில் வசந்த காலத்தில் பறப்பவர்களுக்கு ஒரு செய்தி. காலையில் அமைதியாக இருப்பதை நம்பிப் புறப்படாதீர்கள். வெயில் ஏறித் தரை சூடாகும்போது, மேலே ஓடும் வேகமான காற்று கீழே கலந்து இறங்குகிறது. நீங்கள் மதியம் திரும்பி வருவதற்குள் காலைக் காற்று இரண்டு, மூன்று மடங்காகியிருக்கலாம். எனவே திரும்பி வரும் நேரத்துக்கான முன்னறிவிப்பைப் பார்த்தே முடிவெடுங்கள்.

உங்கள் நண்பர் பத்திரமாக இறங்கியதை வைத்து உங்கள் முடிவை எடைபோட வேண்டாம். அவர் இறங்கிய கணத்தில் 27 நாட் வீச்சு வந்ததா என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வீச்சையும் சேர்த்து இப்போதைக்கு 10 நாட் என்று உங்கள் வரம்பைக் குறிப்பேட்டில் எழுதி, தேதியும் போடுங்கள். காற்று 12, 15 என்று இருக்கும் நாட்களில் பயிற்றுநரோடு போங்கள். தொடக்கத்தில் இறங்கவே வேண்டாம். ஓடுபாதைக்குச் சில அடி மேலே, இறக்கையைத் தாழ்த்தியபடி நடுக்கோட்டின் மீது முழு நீளமும் பறந்து, மேலெழுந்துவிடுங்கள். ஐந்தாறு முறை செய்தால் கால்களுக்கு வேலை புரியும். பிறகு குறைந்த ஃபிளாப்போடு (இறங்கும்போது இறக்கையின் பின்புறம் கீழே இறக்கும் பலகை), சராசரிக் காற்றைவிட வீச்சு அதிகமாக இருக்கும் வேகத்தில் பாதியை அணுகு வேகத்தோடு சேர்த்து, இறங்கிப் பழகுங்கள். ஒரே வாரத்தில் மூன்று நாள் 15-ல் சுத்தமாக இறங்கிவிட்டீர்கள் என்று பயிற்றுநர் சொன்னால், பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். ஒரு மாதம் காற்றில் இறங்காமல் இருந்தால் மறுபடியும் 10-க்கு வந்துவிடுங்கள்.

பயிற்சிக்குப் பிறகு எனக்கு எழுதுங்கள். எத்தனை நாட் காற்றில் உங்கள் ரடர் மிதி அடிவரை போய் முட்டியது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அதை வைத்து அடுத்த விளக்கத்தில் பேசலாம்.