மேரி கட்டடம் எழுந்துவிட்டது, நகரமன்றம் எங்கே?

எல்லோருக்கும் வணக்கம். பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பதில் உள்ளாட்சியின் பங்கு என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். புதுச்சேரியில் இதைப் பேசச் சொன்னதில் ஒரு குறும்பு இருக்கிறது. இந்த ஊரில் பாரம்பரியம் நிறைய இருக்கிறது, உள்ளாட்சிதான் இல்லை. நகராட்சி அலுவலகம் இருக்கிறது, ஆணையர் இருக்கிறார், வரி ரசீது தவறாமல் வருகிறது. நான் சொல்வது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் கவுன்சிலர்களை. 1968-க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006-இல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 2011-இல் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது, அதோடு சரி. 2021-இல் தேதி அறிவித்தார்கள், அதுவும் நின்றுபோனது.

கடற்கரைச் சாலை மேரி கட்டடம் எல்லோருக்கும் தெரியும். மேரி என்றால் பிரெஞ்சில் நகராட்சி மன்றக் கட்டடம். பிரெஞ்சுக்காரர்கள் 1880-லேயே இங்கே நகராட்சி முறையைக் கொண்டுவந்தார்கள், அந்த நகராட்சி இயங்கிய இடம் அது. 2014 நவம்பர் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. உலக வங்கிப் பணத்தில், பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்து வைத்தார். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மன்றம் கூட வேண்டிய கட்டடத்தை எழுப்ப முடிந்த நமக்கு மன்றத்தை எழுப்ப முடியவில்லை.

கவுன்சிலருக்கும் பழைய வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் ஒரு வீடு எப்படி இடிகிறது என்று பாருங்கள். அப்பா காலமாகிறார், நாலு பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை, ஓடு ஒழுகுகிறது, சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகாது. அந்த நேரம் பார்த்து ஒரு பில்டர் வந்து ஆளுக்கொரு ஃபிளாட் என்கிறார். இந்தப் பேச்சு தெருமுனை டீக்கடைக்கு வந்து மாதக்கணக்கில் ஓடிய பிறகுதான் கடப்பாரை விழும். வார்டில் ஒரு கவுன்சிலர் இருந்தால் முதல் வாரமே அவர் காதுக்குப் போயிருக்கும். பாரம்பரியக் குழுவுக்கோ கோப்பு வந்தால்தான் தெரியும்! கட்டட வரைபட அனுமதி நகர அமைப்புக் குழுமத்திடம், வரி நகராட்சியிடம், பெரிய சாலைகள் பொதுப்பணித் துறையிடம், யோசனை சொல்ல மட்டும் ஒரு குழு. அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணை நகரத் திட்டமிடலையும் பண்பாட்டையும் நகராட்சிகளுக்கு உரிய 18 வேலைகளில் வைத்திருக்கிறது, காகிதத்தில்.

உருப்படியாக ஒன்று இங்கே நடந்தும் இருக்கிறது. கால்வே சுப்பராயச் செட்டி வீதி, நம் வாயில் வைசியாள் வீதி. ஆசிய நகரங்களையும் ஐரோப்பிய நகரங்களையும் கூட்டாக வேலை செய்ய வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் 2002 முதல் 2004 வரை, இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோட்டும் புதுச்சேரியோடு கைகோக்க, பாரம்பரியத்தைக் காக்கும் இன்டாக் அமைப்பு வேலையை முன்னெடுத்தது. ஒரு தனி வீட்டை எடுத்து மியூசியம் ஆக்காமல், தெருவின் முகப்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்தார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். திண்ணை, அதற்கு முன்னால் வழிப்போக்கருக்கு நிழல் தரும் தாழ்வாரம், மேலே பிரெஞ்சு பாணியில் மாடி, இதெல்லாம் வரிசையாக நின்றால்தான் அழகு, நடுவில் ஒன்றை உடைத்து ஷட்டர் கடை போட்டால் பல்லு விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். வீட்டுக்காரர்களும் செலவில் ஒரு பங்கு போட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது வந்தது. சரி, வந்தது, அப்புறம்? அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று அது ஏன் போகவில்லை? வெளிநாட்டுப் பணம் தீர்ந்தால் திட்டமும் தீர்ந்துவிடும், ஆண்டு பட்ஜெட்டில் வருடாவருடம் ஒதுக்கினால்தான் தொடரும், அந்த ஒதுக்கீட்டுக்காக மேசையைத் தட்டிச் சண்டை போட ஆள் வேண்டும். (பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாய்க்காலைத் தாண்டி மேற்கே வருவதே இல்லை, அது வேறு வயிற்றெரிச்சல்.)

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள வீட்டைப் பராமரிக்கிறவருக்குச் சொத்து வரியில் கழிவு கொடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரிகளின் பெயர்ப் பட்டியலை நகராட்சியே வைத்திருக்கட்டும். இடிக்க மனு வந்தால் வார்டுக் கூட்டத்தில் வாசிக்கட்டும், அண்டை வீட்டார் கேட்கட்டும்.

கவுன்சிலர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற அளவுக்கு நான் அப்பாவி இல்லை. கவுன்சிலரே பில்டராக இருக்கும் ஊர்கள் உண்டு. ஆனால் அவரை மறிக்கலாம், திட்டலாம், அடுத்த முறை தோற்கடிக்கலாம். பெரிய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் கிளம்பியபோது கடைக்காரர்கள் போராட்டத்துக்குத்தான் இறங்க வேண்டியிருந்தது. அந்த வாதம் நடந்திருக்க வேண்டிய இடம் நகரமன்றம். தேர்தல் எப்போது என்று முதலில் அதைக் கேளுங்கள், முகப்புக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.