ஐஸ்லாந்து கூரை போட்ட கதை

நண்பர்களே, 1967 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் டென்மார்க்கோடு ஐஸ்லாந்து ஆடிய ஆட்டத்தின் கணக்கைச் சொல்கிறேன். பதினான்குக்கு இரண்டு என்று ஐஸ்லாந்து தோற்றது. கால்பந்தில்தான் ஐயா, ஹாக்கி இல்லை.

அதே நாடு 2016 ஜூன் 27 அன்று, யூரோ கோப்பையில், நீஸ் நகரில் இங்கிலாந்தை எதிர்த்து இறங்கியது. நான்காவது நிமிடமே இங்கிலாந்தின் ரூனி பெனால்டியில் கோல் போட்டுவிட்டார். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டிவிட்டது. அத்தோடு டிவியை அணைத்துவிட்டுப் படுத்தவர்களுக்குத்தான் நஷ்டம். ஐஸ்லாந்து கேப்டன் குன்னார்சன் பக்கக் கோட்டிலிருந்து பந்தைக் கையால் வீசினார். சிறுவயதில் ஹேண்ட்பால் ஆடிய கை. அவர் வீசினால் கார்னர் கிக் மாதிரி பந்து கோல் வாசல் வரை போகும். ஆர்னசன் தலையால் தட்டிவிட, ரக்னர் சிகுர்ட்சன் உள்ளே தள்ளினார். ஆறாவது நிமிடத்திலேயே சமம். பதினெட்டில் சிக்தோர்சன் இன்னொன்று. அவ்வளவுதான், 2–1.

மூன்றேகால் லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள நாடு. அதிசயம், அதிசயம் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உழைத்தவன் கூலியைச் சாமி கணக்கில் எழுதுகிற வேலை அது. அதிசயம் என்றால் அது காலிறுதியிலும் நடந்திருக்க வேண்டுமே? அங்கே பிரான்சிடம் 5–2 என்று தோற்றார்கள்.

அந்த ஊர்க் குளிர்காலத்தில் வெளியே புல்லில் ஆட முடியாது. பகலே சில மணி நேரம்தான். பிள்ளைகள் சரளைத் தரையில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஆடினார்கள். 2000இல் கெஃப்லாவிக் பக்கம் முழு மைதானத்துக்கே கூரை போட்டார்கள். இரண்டே வருடத்தில் ரெய்க்யவிக்கில் ஒன்று, கோபவோகுரில் ஒன்று. கூரை மட்டும் போதுமா? ஆறு வயதுப் பொடிசுக்கும் முறையாகப் படித்து உரிமம் பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர். மற்ற நாடுகளில் அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய அப்பாதான் விசில் ஊதுவார்.

இங்கிலாந்தை வீழ்த்திய சிக்தோர்சன் 1990இல் பிறந்தவர். முதல் கூரை வந்தபோது அவருக்கு என்ன வயது? கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஹெய்மிர் ஹால்கிரிம்சனைப் பற்றிச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மனமில்லை. தொழில், பல் மருத்துவர். ஸ்வீடன்காரர் லாகர்பேக்கோடு சேர்ந்து இந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தார். சொந்த மண்ணில் ஆட்டம் என்றால், ரசிகர்கள் கூடும் மதுக்கடைக்கு முன்கூட்டியே போய்விடுவார். இன்று யார் ஆடுகிறார்கள், எப்படி ஆடப்போகிறோம் என்று விளக்குவார். பத்திரிகைக்காரர்களுக்கே அப்போது தெரியாது. கேட்டவர்கள் ஒருவரும் வெளியே மூச்சு விடவில்லை.