கண்ணெதிரே விழுந்த கைக்குட்டை

நடுவர் அவர்களே, வணக்கம். ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் 'தளபதி ஒதெல்லோவின் குடியைக் கெடுத்தது அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் இயாகோவின் சூழ்ச்சியா, பொறாமையா?' என்பது கேள்வி. பொறாமைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் இயாகோவை வெளுத்து வாங்கினார். நானும் கைதட்டினேன், திட்டு வாங்க வேண்டியவன்தான் அவன். ஆனால் அவன் ஏன் சூழ்ச்சி செய்தான் என்பதை நண்பர் விட்டுவிட்டார். எதிர்பார்த்த பதவி காசியோ என்ற இன்னொரு படை அதிகாரிக்குப் போன பொருமல் ஒன்று. தன் மனைவி எமிலியாவுக்கும் ஒதெல்லோவுக்கும் தொடர்பு என்று ஊரில் அடிபட்ட பேச்சு இன்னொன்று. 'உண்மையா என்று தெரியாது. சந்தேகம் வந்ததே போதும், உண்மை என்றே வைத்துக்கொண்டு செய்வேன்' என்கிறான், முதல் அங்கம் முடியும்போதே. ஐயா, நீங்கள் கூண்டில் ஏற்றிய குற்றவாளி எங்கள் தரப்புச் சாட்சி!

1604இல் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்ட இந்த நாடகத்தில் கணவனே பறித்த ஒரு மனைவியின் உயிருக்கு விலை ஒரு கைக்குட்டை. ஸ்ட்ராபெரிப் பழங்கள் பின்னிய கைக்குட்டை. மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியைப் பாருங்கள். மனைவி டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று இயாகோ காதில் ஓதியபின், தலை வலிக்கிறது என்கிறான் ஒதெல்லோ. டெஸ்டிமோனா அந்தக் கைக்குட்டையை எடுத்து நெற்றியில் கட்டப் போகிறாள். 'இது சின்னது' என்று விலக்குகிறான், கீழே விழுகிறது. எடுக்கப் போனவளையும் 'அதை விடு' என்று உள்ளே அழைத்துப் போகிறான். அவன் எதிரிலேயே விழுந்த பொருளை டெஸ்டிமோனாவின் பணிப்பெண்ணாக இருக்கும் எமிலியா எடுக்கிறாள், கணவன் இயாகோவிடம் கொடுக்கிறாள், அது காசியோவின் அறைக்குப் போகிறது. 'உனக்கு எதையும் மறுக்க மாட்டேன்' என்று அதே காட்சியின் தொடக்கத்தில் மனைவியிடம் சொன்னவன், காட்சி முடிவதற்குள் மண்டியிட்டுப் பழிவாங்கச் சபதம் செய்கிறான்!

'அது பொறாமை இல்லை, சந்தேகம்' என்பீர்கள். சந்தேகப்பட்டவனுக்குப் பதில் கிடைத்தால் மனம் ஆறும். நான்காம் அங்கத்தில் எமிலியாவை விசாரிக்கிறான். டெஸ்டிமோனாவும் காசியோவும் தனியே கிசுகிசுத்தார்களா? இல்லை. விசிறி, கையுறை எடுத்துவர உன்னை வெளியே அனுப்பினார்களா? ஒருபோதும் இல்லை. உடனிருந்தவளே அடித்துச் சொல்கிறாள். அவனோ, 'விசித்திரமாக இருக்கிறதே' என்கிறான்! இதைத்தான் எமிலியா முன்பே சொன்னாள்: காரணம் இருந்து பொறாமைப்படுகிறவர்கள் இல்லை இவர்கள், தன்னைத்தானே பெற்றுக்கொள்ளும் பூதம் அது. மேடையில் அதிகம் படித்தவள் அவள் அல்ல. ஆனால் விஷயம் புரிந்தவள் அவள்தான்.

நடுவரின் கை மணிக்குப் போகிறது, ஒரு நிமிடம் ஐயா. 'என் மனைவியின் கைக்குட்டை உன்னிடம் எப்படி வந்தது?' என்று காசியோவிடம் ஒதெல்லோ நேரில் கேட்கத்தான் செய்கிறான். 'என் அறையில் கிடந்தது' என்று ஒரே வரியில் பதிலும் வருகிறது. அந்தக் கேள்வியை அவன் கேட்கும்போது டெஸ்டிமோனா கட்டிலில் பிணமாகக் கிடக்கிறாள்.